டீச்சருக்குப் பொன்னாடை வேண்டாம், துணைக்கு ஆள் கொடுங்கள்

மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம் என்றால் நம் தமிழ்ப்பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பொன்னாடை, பழக்கூடை, குழுப்படம். சிறப்புக் கல்வி டீச்சரை மேடைக்குக் கூப்பிடும்போது மட்டும் அறிவிப்பாளரின் குரல் ஒரு மாதிரி குழையும். பொறுமையின் சிகரம், தெய்வத்துக்குச் சமம் என்றெல்லாம் சொல்வார்கள், நாமும் கைதட்டுவோம். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு எதுவும் தேவைப்படாது பாருங்கள், அந்த வசதிக்காகத்தான் சொல்கிறோமோ என்று தோன்றுகிறது.

பினாங்கில், பெருநிலப் பக்கம் இருக்கிறது என் மகள் படிக்கும் பள்ளி. பெயர் வேண்டாம். என் பிள்ளை சிறப்புக் கல்வி வகுப்பில் இல்லை, ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் அந்த வகுப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் தனி. மற்றவர்கள் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பள்ளியில் அப்படி ஒரு வகுப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்த டீச்சர் வந்ததும் தலைமையாசிரியரிடம் போய் நின்று அதை மாற்றினார். எல்லாரோடும் ஒரே நேரம், ஒரே வரிசை.

அவர் கணக்குப் பாடம் நடத்துவதே கேன்டீனில்தான். பையன் கையில் உண்மையான சில்லறை. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்துக்கு 1 ரிங்கிட் 50 சென் கொடுக்க வேண்டும், அவன் 10 சென் காசுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைப்பான், நடுவில் யாராவது கத்தினால் எண்ணிக்கை விட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். கேன்டீன் அக்கா பாவம் பார்த்துக் காசை அள்ளிக்கொள்ளப் போனால், "விடுங்கக்கா, அவனே எண்ணிக் கொடுக்கட்டும்" என்பார் டீச்சர். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள்தான். பழகப் பழக, அவன் காசு வைக்கும்போது வரிசையில் இருந்த வாண்டுகளும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டன.

இது பள்ளி வாசலோடு நிற்கவும் இல்லை. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். உறுமி மேளம் காதைப் பிளக்கிறது, ஒரு சின்னப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். எங்கள் கூட்டத்திலேயே ஒருவர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்றார். என் மகள் பட்டென்று, "இல்ல அத்தை, அவனுக்குச் சத்தம் ஒத்துக்கல, கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனா சரியாயிடும்" என்றாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளைகளோடு தினம் ஒரே மேசையில் சாப்பிட்டுக் கற்றுக்கொண்டது.

அப்புறம் ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை விஷயம். மருத்துவர் உறுதிப்படுத்தி, சமூகநல இலாகாவில் பதிந்தால் கிடைக்கும் அட்டைதான். ஆனால் நம் வீடுகளில் அதை எடுப்பதற்குள் ஒரு போராட்டமே நடக்கும். பிள்ளையின் அக்காவுக்கு நாளைக்கு வரன் வரும்போது தெரிந்துவிடுமே என்று பயப்படுகிற பாட்டிகளை எனக்கே தெரியும். டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே போவார். அறிவுரையெல்லாம் கிடையாது, பாட்டி போட்டுக் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே பாரத்தை நிரப்புவார். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது என்பதே அவர் சொல்லித்தான் சில குடும்பங்களுக்குத் தெரியவந்தது.

சரி, இவ்வளவு நல்லது நடக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். இத்தனையும் ஒரே ஆளின் தோளில் நிற்கிறது, அதுதான் குறை. 2008ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019ல் நடைமுறைக்கு வந்தது. நல்ல கொள்கை, நான் முழுசாக ஆதரிக்கிறேன். கதவைத் திறந்துவிட்டோம், உள்ளே வந்த பிள்ளைகளைப் பார்க்க ஆள் எங்கே? உதவியாளர் வராத நாளில் டீச்சர் கழிவறைக்குப் போகக்கூட வகுப்பை விட்டு நகர முடியாது. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? "இன்று பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்" என்று பெற்றோருக்கு வாட்சப்பில் தகவல் வந்தது. மற்ற டீச்சர் விடுப்பு எடுத்தால் யாராவது மாற்றாகப் போய் நிற்பார்கள், இந்த வகுப்புக்கு மட்டும் லீவு விட்டுவிடலாமாம். நாளைக்கே அவருக்குப் பணி மாற்றம் வந்தால் கேன்டீன் வரிசை பழையபடி இரண்டாகிவிடும், சந்தேகமே இல்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதி வைத்திருக்கிறார் அல்லவா, அதை மற்ற ஆசிரியர்களும் படிக்கட்டும். அவர் இல்லாத நாளில் யார் அந்த வகுப்புக்குப் போவது என்று முன்கூட்டியே பட்டியல் போடட்டும். பயிற்சிக்குப் போக விரும்பும் ஆசிரியர்களுக்குச் சங்கம் செலவு செய்யட்டும். உதவியாளர் பற்றாக்குறையைக் கல்வி இலாகாவுக்கு எழுத்தில் கொடுப்போம், வாயால் சொன்னது போதும்.

சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் வருகிறது, இதைத் தீர்மானமாகவே வைக்கப் போகிறேன். உங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி டீச்சர் விடுப்பில் போனால் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? நல்ல ஏற்பாடு எதுவும் இருந்தால் கீழே எழுதுங்கள், அப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன்.