ஆர்வமில்லாத பொடியன்

"அவனுக்குப் படிப்பில ஆர்வமில்ல, அதான் கட்டாருக்குப் போயிட்டான்." அக்காவின் மகனைப் பற்றி ஒரு ஆசிரியர் கலியாண வீட்டில் வைத்துச் சொன்னார். சபையில் ஒன்றும் பேசவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் அவர்களின் தோட்டம். பத்தாம் ஆண்டில் அவன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான். கோடையில் கிணற்றுத் தண்ணீர் 30 அடிக்குக் கீழே இறங்கினால் மேலே இருக்கிற மோட்டர் இழுக்குதில்லை, பெரிய மோட்டர் போட்டாலும் அதே கதைதான், ஆனால் அதையே கிணற்றுக்குள் இறக்கி வைத்தால் இழுக்கிறது, ஏன்? "சோதனைக்கு வராததக் கேக்காத மனே, நோட்ட எழுது" என்பதுதான் கிடைத்த பதில். 40 நிமிடப் பாடவேளையில் படிப்பித்த ஆசிரியருக்கும் பாடத்திட்டம் முடிக்கிற அவசரம், அது விளங்குகிறது. ஆனால் பொடியன் அன்றோடு கேள்வி கேட்பதை விட்டான்.

ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் இரண்டும் ஏ. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளில்தான் இருக்கும், அதற்குப் பட்டினம் வரவேண்டும், பின்னேரம் ரியூசன் முடிந்தால் திரும்பிப் போக பஸ் இல்லை. பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும். அதில் மூன்று மாதம் இருந்து பார்த்தான், பிறகு போகவில்லை.

கம்பஸ் எடுபட மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். சரி, விஞ்ஞானப் பிரிவு இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படை, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம். அந்தக் கணக்குக்கு வாவிக்குக் கிழக்கே பட்டினம் இருக்கிற எழுவான்கரையும், மேற்கே உன்னிச்சை இருக்கிற படுவான்கரையும் தெரியாது. பட்டினத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும் உன்னிச்சைப் பிள்ளையும் அதற்கு ஒரே மட்டக்களப்புத்தான்.

இன்னொன்றும் உண்டு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவுக்கு முன்னால் மாதக்கணக்கில் குந்தியிருந்ததைச் சின்ன வயதில் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவன் அவன். உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளிக்குக் காத்திருந்து, கம்பஸ் முடித்து வெளியே வர 25, 26 வயதாகும் என்று அவனே எனக்குக் கூட்டிக் காட்டினான். கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை, கூட்டலில் பிழை விடுவானா?

போன கிழமை கட்டாரில் இருந்து வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தான். வேலை முடிந்து படுக்கிற நேரம் யூடியூப்பில் பார்த்தானாம். "மாமா, தண்ணிய மோட்டர் இழுக்கிறல்ல. அது குழாய்க்குள்ள இருக்கிற காத்தத்தான் எடுக்குது, வெளியில இருக்கிற காத்து தண்ணிய அமுக்கி ஏத்துது. என்னதான் செஞ்சாலும் 34 அடிக்கு மேல ஏறாது, நம்மட மோட்டருக்கு 25 அடியே பெரிய பாடு. இப்ப நம்மட கிணத்தில தண்ணி எத்தின அடியில நிக்குது?"