மேடையைப் பெயர்த்தவர்கள் சாய்வை அளந்தார்களா?

இணையத்தில் சுற்றும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் போட்டு ஐந்து வாரம்கூட ஆகாத டேபிள்டாப்பை, அதாவது ஜனங்கள் கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய மேடையை, ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்துவிட்டார்கள். காலையில் அதே இடத்தில் ஜீப்ரா கோடு, பக்கத்தில் "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை. கமெண்டில் பாதிப் பேர் "அப்பாடா" என்று எழுதியிருந்தார்கள். பெயர்த்ததைவிட அந்த "அப்பாடா"தான் அதிகம் வலித்தது.

பலகை எந்த வண்டியையும் மெதுவாக்காது. சாலையின் அகலம், மட்டம், முனையின் வளைவு, இவைதான் மெதுவாக்கும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ. வேக வரம்பு அறிவித்தது. உங்கள் தெருவில் எத்தனை வண்டி 30-ல் போகிறது? 14 மீட்டர் அகலத்துக்கு வழவழவென்று தார் போட்டுக் கொடுத்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். ஓட்டுபவரை மட்டும் திட்டிப் பயனில்லை, அந்த அகலமே அவரை ஓடு ஓடு என்கிறது.

"கார் அடி தட்டியது, முதுகு போனது" என்ற புகார் உண்மைதான், மறுக்கவில்லை. நடைபாதை மட்டத்துக்கு 15 செ.மீ. உயர்த்தினார்கள், அது சரி. ஆனால் ஏறுகிற சாய்வுக்கு விட்டது 60 செ.மீ. நாலுக்கு ஒன்று, அதாவது நாலு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு ஏற்றம்! ஏறக்குறைய 14 டிகிரி. நாலு பேர் உட்கார்ந்த செடான் கார் அடி தட்டாமல் என்ன செய்யும்? கார் மட்டும் போகிற தெருவென்றால் பத்துக்கு ஒன்று, அதாவது ஒன்றரை மீட்டர் சாய்வு வேண்டும். மாநகரப் பேருந்து போகிற நம் சாலைக்கு இருபதுக்கு ஒன்று, 3 மீட்டர். மேலே சமதளம் 6 மீட்டராவது இருந்தால்தான் பேருந்து முன்சக்கரமும் பின்சக்கரமும் அடுத்தடுத்துக் குதிக்காது. ஆக மொத்தம் 12 மீட்டர் நீளமுள்ள வேலையை ஐந்து மீட்டருக்குள் சுருக்கிவிட்டு, "டேபிள்டாப் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சட்டை இறுக்கமாகத் தைத்தால் தையலைப் பிரிப்போமா, சட்டையையே கொளுத்துவோமா?

அடுத்தது தண்ணீர். மேடையை நடைபாதை விளிம்பில் இருக்கும் கெர்ப் கல்வரை அடைத்துக் கட்டினால் அது அணைதான். மேட்டுப்பக்கத்திலிருந்து ஓரமாக ஓடிவருகிற மழைநீர் அங்கேயே நிற்கும். நின்றது, படமும் வந்தது. சாய்வு தொடங்குவதற்கு முன்னாலேயே இரண்டு ஓரத்திலும் கம்பி மூடி போட்ட தொட்டி ஒன்று வைத்து, மழைநீர் வடிகாலில் இணைத்திருக்க வேண்டும். தார் போடுவதற்கு முன்னால் இரண்டு நாள் வேலை. போட்ட பிறகு என்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் சாலையைக் கடப்பவரைப் பாருங்கள். காலை எட்டே முக்காலுக்குத் தினமும் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, இன்னொரு கையில் பையனின் மணிக்கட்டு. வெறும் கையைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைத்தான் இறுக்கிப் பிடிப்பார். ஓரத்தில் நின்று ஒரு அடி வைப்பார், பின்வாங்குவார், மறுபடி ஒரு அடி. வயதானவர்கள் நடப்பது விநாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 14 மீட்டரைக் கடக்கப் பதினேழரை விநாடி. அந்த நேரத்தில் 50 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி 240 மீட்டர் தாண்டிவிடும். அதாவது இரண்டு பக்கமும் கால் கிலோமீட்டர் காலியாக இருந்தால்தான் அவர் நிம்மதியாகக் கடக்க முடியும். காலை எட்டே முக்காலுக்கு அப்படி ஒரு இடைவெளி எப்போது வரும்?

அதே 14 மீட்டரைப் பிரித்துப் பாருங்கள். போக 3.25, வர 3.25. பேருந்தின் அகலமே இரண்டரை மீட்டர் சொச்சம்தான், அதற்கு இது போதும். நடுவில் ஒன்றரை மீட்டர். இரண்டு ஓரத்திலும் வண்டி நிறுத்த 2 மீட்டர். மிச்சம் பக்கத்துக்கு ஒரு மீட்டர், இருக்கிற நடைபாதையை அகலமாக்க. கடக்கும் இடத்தில் மட்டும் பார்க்கிங்கை நிறுத்தி, நடைபாதையை வெளியே நீட்ட வேண்டும். நடு ஒன்றரை மீட்டரில் நின்று மூச்சுவிட ஒரு சின்ன மேட்டுத் திட்டு. இப்போது பாட்டி ஒரு தடவைக்குக் கடக்க வேண்டியது மூன்றேகால் மீட்டர். நாலு விநாடி. வண்டியும் 30-ல் வந்தால் அவருக்குத் தேவையான இடைவெளி 34 மீட்டர். இருநூற்று நாற்பது எங்கே, முப்பத்து நாலு எங்கே! எந்தப் பலகை இதைச் செய்யும்?

"டிராஃபிக் ஜாம் ஆகும்" என்பவர்களுக்கு: அந்தச் சாலை 600 மீட்டர். 50-ல் போனால் 43 விநாடி, 30-ல் போனால் 72 விநாடி. இழப்பு 29 விநாடி. முனை சிக்னலில் நிற்பது அதைவிட அதிகம்.

"ஆம்புலன்ஸ்?" இதை நான் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் நடு ஒன்றரை மீட்டரை முழு நீளத்துக்கும் மீடியனாக, அதாவது நடுத்தடுப்பாக, எழுப்பக் கூடாது என்கிறேன். கடக்கும் இடத்தில் மட்டும் திட்டு, மற்ற இடத்தில் சாலை மட்டத்திலேயே கருங்கல் பதித்த பட்டை. ஆம்புலன்ஸ் அதில் ஏறிப் போகலாம்.

"ஜனங்க ஜீப்ராவுலயா கடக்குறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, மேடை போடுவதற்கு முன்னால் கோடு பள்ளி வாசலில் இல்லை, நாற்பது மீட்டர் தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தது. பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், பள்ளி எதிர்ப்பக்கம். ஜனங்கள் நேர்க்கோட்டில்தான் நடப்பார்கள். அவர்கள் நடக்கிற இடத்தில் கோட்டைப் போடுங்கள், நடக்கிறார்களா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

"வேகத்தடை போட்டால் போதாதா?" போதாது. விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம் தெருக்களில் குவிப்பதோ ஒரு முழ அகலத்துக்குத் தார். கார் ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணி விழுவார்.

நடைபாதையை நீட்டிப் பார்க்கிங்கைக் குறைத்தால் வியாபாரம் போய்விடும் என்ற கடைக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் இதே பயம் இருந்தது. 2019 நவம்பரில் அந்த அகல நடைபாதை திறக்கப்பட்டது, இன்று மாலையில் அங்கே நடக்கிற கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பைக் ஏறாமல் நட்டுவைக்கும் குட்டைத் தூண்கள் எல்லா ஊரிலும் தீராத தலைவலி. சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும், அதில் பைக்கும் தாராளமாக நுழையும். நெருக்கி நட்டால் பைக் நிற்கும், நாற்காலியும் நிற்கும். இதற்குக் கல்லில் தீர்வு இல்லை, இங்கே மட்டும் போலீஸ் வேண்டும்.

இன்னும் ஒன்று. இத்தனையும் சரியாகக் கட்டினாலும், மூன்றாம் மாதம் குடிநீர்க் குழாய்க்கோ மின்கேபிளுக்கோ மேடையை வெட்டுவார்கள். மேடைக்கு அடியில் குறுக்கே நாலு காலிக் குழாய் முன்கூட்டியே புதைத்து, இரண்டு முனையிலும் அறை கட்டிவைத்தால் வெட்டவே வேண்டாம். மறுதார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால், ஐந்து ஐந்து செ.மீ.யாக மூன்று தடவையில் 15 செ.மீ. நடைபாதை சாலைக்குள் மூழ்கிவிடும். மேடையும் காணாமல் போகும்.

சென்னை மாநகராட்சி நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்தது 2014-ல். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதை பாதசாரியின் உரிமை, அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 மே மாதத்தில். கொள்கை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. காருக்கு அடி தட்டியதும் ஒரே ராத்திரியில் இயந்திரம் வந்தது. பாட்டி அந்த ஓரத்தில் எத்தனை வருடமாக நிற்கிறார்? அவர் புகார் எழுதுவதில்லை, எழுதினாலும் கமெண்டில் யாரும் "அப்பாடா" போடப்போவதில்லை.

வேலைக்கான வரைபடத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதில் சாய்வு 3 மீட்டர் என்று இருந்து, தரையில் 60 செ.மீ. போட்டார்களா? இல்லை, வரைபடத்திலேயே 60 தானா? முதலாவது என்றால் கட்டியவர் தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டாவது என்றால் வரைந்தவர் ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு அந்தப் பள்ளி வாசலுக்கு டேப்போடு வரட்டும்.