ஒரு வரி திருத்தினால் அது பங்களிப்பு இல்லையா?

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரை மறைத்துப் போடவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், யார் வேண்டுமானாலும் மூலநிரலைத் திருத்தி அனுப்பக்கூடிய லிப்ரெஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளுக்குத் தான் அனுப்பிய முதல் பேட்ச் (திருத்தம்) மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது ஏற்கப்பட்டு உள்ளே சேர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாள். மென்பொருள் துறையில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் அதை எடுத்துப் போட்டு, "ஒரு கமெண்ட் வரியை மாத்தினதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கோட் எங்கேம்மா?" என்று கேட்டார். (கமெண்ட் என்பது, கோடைப் படிப்பவர்களுக்காக அதற்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு; கணினி அதை இயக்காது.) கீழே வரிசையாகச் சிரிப்பு. நேற்று அவள் தன் பதிவையே தூக்கிவிட்டாள்.

கோட் எங்கே என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்கிறேன். முதல் பங்களிப்பு சின்னதாகத்தான் இருக்கும். சின்னதாகத்தான் இருக்கவும் வேண்டும். அந்தச் சின்னது போய்ச் சேர்வதற்குள் ஒருவர் என்னவெல்லாம் கற்றுக்கொள்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு சிரியுங்கள்.

லிப்ரெஆபீஸின் மூலநிரலை இறக்கவே நேரமாகும். பல லட்சம் வரிகள். சாதாரண லேப்டாப்பில் முதல்முறை பில்டு போட்டால், அதாவது மூலநிரலை ஓடும் மென்பொருளாக மாற்றினால், மணிக்கணக்கில் ஓடும். பாதியில் ஏதோ ஒரு பேக்கேஜ் இல்லை என்று நிற்கும், அதைத் தேடிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். அப்புறம் பேட்ச்களை மதிப்பாய்வுக்கு அனுப்பும் கெரிட் தளத்தில் கணக்கு, அனுப்புவது நாம்தான் என்று காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி. என் பங்களிப்புகளை இந்த உரிமத்தின் கீழ் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்தத் திட்டத்துக்கு எழுத்தில் உறுதி கொடுக்கவேண்டும். என்ன மாற்றினோம் என்று சொல்லும் கமிட் மெசேஜை அவர்கள் முறைப்படி எழுதவேண்டும். அனுப்பியதும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் பில்டு செய்து பார்க்கும். ஒன்று சிவப்பாக வந்தாலும் ஏன் என்று நாம்தான் தேடவேண்டும். அதன் பிறகு முன்பின் தெரியாத ஒருவர் வரிவரியாகப் படிப்பார். இவ்வளவையும் தாண்டித்தான் அந்த ஒரு வரி உள்ளே போகிறது. அவள் திருத்திய இடத்தில், ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோட் பகுதி) செய்வது ஒன்று, அதன் மேலே எழுதியிருந்த குறிப்பு சொன்னது வேறொன்று. ஃபங்ஷனைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் அந்தக் குறிப்பு தவறு என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

என் முதல் பேட்ச்சிலும் ஒரு வரி கோட் இல்லை. முழுக்க ஜெர்மன் கமெண்டுகள். லிப்ரெஆபீஸின் வேர் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஸ்டார்ஆபீஸ். 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, 2000-ல் ஓப்பன்ஆபீஸ் என்று மூலநிரலைத் திறந்துவிட்டது, 2010 செப்டம்பரில் அதிலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்தது. ஆரம்பத்தில் எழுதியவர்கள் தங்கள் மொழியில் குறிப்புகளை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த பலருக்கு அவை புரியவில்லை. அதனால் அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவதை, புதியவர்களுக்கான 'ஈஸி ஹேக்' வேலைகளில் ஒன்றாகத் திட்டமே அறிவித்தது. ஜெர்மன் கமெண்டுகளைத் தேடி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட்டே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு ஜெர்மன் தெரியாது. அகராதியும், பக்கத்திலிருந்த கோடுமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்தேன். அப்படித்தான் அந்தக் கோப்பு என்ன செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது. மதிப்பாய்வு செய்தவர் கமிட் மெசேஜின் முதல் வரியைச் சுருக்கச் சொன்னார், சுருக்கினேன், நன்றி சொல்லி மெர்ஜ் செய்தார். கோட் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கேட்டது இங்கே. அப்போது வேலை பார்த்த இடத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னேன். "சம்பளமில்லாத டிரான்ஸ்லேட்டர் வேலையா?" என்றார் டீம் லீட். மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் கூடச் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் எதற்கும் எந்தப் பேட்ச்சும் அனுப்பவில்லை. அதனால்தான் அந்தப் பெண் பதிவை எடுத்ததும் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

என்ன பதில் வரும் என்பதும் தெரியும். "ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில் நம்ம பசங்க அடிச்ச கூத்து மறந்துபோச்சா?" மறக்கவில்லை. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடத்திய நிகழ்வு அது. 2020-ல் நாலு புல் ரெக்வஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டால் டி-ஷர்ட் என்றதும், எத்தனையோ பேர் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்து அனுப்பினார்கள். திட்டங்களைப் பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் என்று நடுவிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது. பிறகு வலைச் செயலிகள் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் என்ற திட்டத்திலும் அதே கதை: ஒரு வீடியோ பாடத்தைப் பார்த்துவிட்டு மாணவர்கள் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினார்கள். ஓய்வு நேரத்தில் உழைக்கிற மனிதர்களின் நேரத்தைத் தின்ற வேலை அது. அந்தக் கோபம் நியாயம், எனக்கும் உண்டு. ஆனால் அதை இவள்மேல் ஏன் காட்டுகிறீர்கள்? இவள் உண்மையான பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அந்தத் திட்டத்தின் ஆட்களே படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது என்றால் நீங்கள் அந்தப் பேட்ச்சைத் திறந்தே பார்க்கவில்லை.

"இதெல்லாம் ஏஐ செய்துவிடும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஏஐ எழுதிக் கொடுத்த போலிப் பாதுகாப்புப் புகார்களைப் பற்றி இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் 2024-லிருந்தே புலம்பி வருகிறார். ஒரு மனுஷி உட்கார்ந்து கோடைப் படித்திருக்கிறாள் என்பதே இன்று பெரிய விஷயம். இதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

"ஒரு வரிக்கு என்ன மதிப்பு?" இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை நினைவிருக்கிறதா? 2012-ல் வெளியான பதிப்பில் உள்ளே போன பிழை, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. எதிர்முனை தான் அனுப்பிய தரவின் நீளம் என்று சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் சோதனை அங்கே இல்லை, அவ்வளவுதான். அதற்காக உலகம் முழுக்கச் சர்வர்களைப் புதுப்பித்தார்கள், பாஸ்வேர்டுகளை மாற்றினார்கள். எத்தனையோ அனுபவசாலிகளின் கண்ணுக்குத் தப்பியது அது. வந்து படிக்கிற ஒவ்வொரு புதிய ஜோடிக் கண்ணும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர்ஸ் ஸ்டேஜிங் என்ற பகுதியில்தான் புதியவர்கள் பலர் தொடங்குகிறார்கள். செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் சுட்டிக்காட்டும் இடைவெளி, உள்தள்ளல் போன்றவற்றைத் திருத்தி அனுப்பலாம். கர்னல் ஆட்களுக்குத் தரக்குறைவாகப் படாதது உங்களுக்குப் படுகிறதா?

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது, "இந்தத் துறைக்கு வந்தா தோல் தடிச்சிருக்கணும், லைனஸ் திட்டாத திட்டா?" என்பது. லினக்ஸை உருவாக்கிய அதே லைனஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் விலகி இருந்தார். அவர் வருந்தியதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். அதோடு, லைனஸ் திட்டியது பெரும்பாலும் பல வருடம் கூடவே வேலை செய்த பராமரிப்பாளர்களைத்தான். முதல் பேட்ச் போட்ட மாணவியை ஊர்கூட்டிச் சிரித்ததற்கு அதை எப்படி நியாயமாகக் காட்டமுடியும்?

சிரித்தவர்கள் யார் என்று பாருங்கள். அவள் கமிட் மெசேஜைப் படித்த வெளிநாட்டுக்காரர் எந்தக் காலேஜ் என்று கேட்கவில்லை. நாம் கேட்டோம். அவள் ஆங்கிலத்தில் ஒரு 'தி' (the) விட்டுப்போனதை ஒருவர் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அரசுக் கல்லூரியில், லேபில் பாதி மெஷின் ஓடாத இடத்தில் படித்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராமல், கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கற்று, கெரிட் கற்று ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். நீங்கள் தேடிப் பிடித்தது அந்த 'தி'யை. இதில் தமிழில் தொழில்நுட்பம் வளரவில்லை என்று வருடம் தவறாமல் கூட்டம் போட்டு வருத்தப்படுவதும் இதே ஆட்கள்தான். உங்கள் முதல் கமிட்டின் இணைப்பைப் போடுங்கள், நானும் பார்க்கிறேன். உங்களில் எத்தனை பேருக்குப் போட ஒரு இணைப்பு இருக்கும் என்று தெரியவில்லை.

"ரெஸ்யூமேக்காகத்தானே செய்தாள்?" ஆமாம், செய்திருக்கட்டும். வேலை தேடுகிற பிள்ளை வேறு எதற்காகச் செய்வாள்? அந்தக் குறிப்பு இப்போது சரியாக இருக்கிறது. அடுத்து அதைப் படிப்பவர் குழம்பமாட்டார்.

தங்கச்சி, இதைப் படித்தால் அந்தப் பதிவை மறுபடி போடு. லிப்ரெஆபீஸின் பிழைப் பட்டியலான பக்ஸில்லாவில் ஈஸி ஹேக் என்று குறியிட்டவற்றில் ஆரம்ப நிலைக்கானவை சிலவற்றை எடுத்து வைத்திருக்கிறேன், எந்தக் கோப்பில் பார்க்கவேண்டும் என்ற குறிப்பும் அவற்றில் இருக்கிறது. இன்பாக்ஸுக்கு வா, பில்டு எங்கே நின்றாலும் சேர்ந்து பார்க்கலாம். வேறு யாராவது முதல் பேட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பலாமா என்று பயந்துகொண்டிருந்தாலும் வாருங்கள்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பகிர்ந்தவர்களில் என் நட்பு வட்டத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அவள் பெயரோடு அது இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.