பில் கேட்டால் முறைக்கிறார்கள், ஜிபி கேட்டால் சிரிக்கிறார்கள்

"ரெண்டு ஜிபிதானே தம்பி கம்மி? கேம் ஆடும்போது ஒண்ணும் தெரியாது." கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போன என்னிடம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தை இது. நேற்றிலிருந்து வயிறு எரிகிறது.

போனில் தெளிவாகத்தான் கேட்டேன். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு, எட்டு ஜிபி மெமரி, இருக்கா? "இருக்கு தம்பி, வாங்க." என்ன விலை? "நேர்ல வாங்க, பாத்துப் பண்ணிக்கலாம்." இந்த "நேர்ல வாங்க"வை நம்பி வெயிலில் போய் நின்றவர்களுக்கு மீதிக் கதையை நான் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் ஆறும்.

பையன் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். பெரிய எழுத்தில் 3050. மூலையில் சின்னதாக 6ஜிபி. அண்ணே, நான் எட்டு கேட்டேனே என்றேன். அப்போதுதான் மேலே சொன்ன அருள்வாக்கு. அதோடு, "ரெண்டும் ஒரே மாடல்தான், பேரைப் பாருங்க" என்று பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார்.

ஒரே மாடலா? 2022 ஜனவரியில் வந்த எட்டு ஜிபி 3050இல் கணக்குப் போடும் கோர்கள் 2560, மெமரிக்குப் போகும் பாதையான பஸ் 128 பிட். 2024 பிப்ரவரியில் வந்த ஆறு ஜிபியில் 2304 கோர்கள், 96 பிட் பஸ். நொடிக்கு 224 ஜிபி வேகத்தில் ஓடிய மெமரி 168க்கு இறங்கிவிட்டது. ரெண்டு ஜிபி மட்டும் குறையவில்லை, கார்டே வேறு. கோர்கள் ஓடும் கிளாக் வேகமும் கம்மி, மொத்த கார்டும் 70 வாட் மின்சாரத்துக்குள் அடங்கிவிடும். பொன்னி என்று அச்சடித்த மூட்டையில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கொடுத்தால் கேட்க மாட்டோமா?

இதில் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? சிப்பைச் செய்து பெயர் வைத்த என்விடியா கம்பெனியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் மூன்று ஜிபி வகையிலும் இதே வேலைதான், மெமரியோடு கோர்களையும் குறைத்தார்கள். 2018இல் ஜிடி 1030 கார்டில் வேகமான ஜிடிடிஆர்5 மெமரியை எடுத்துவிட்டு மெதுவான டிடிஆர்4ஐப் போட்டு, மெமரி வேகத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக்கி, பெயரை அப்படியே விட்டார்கள். ஆனால் 2022இல் 899 டாலருக்கு "4080 12ஜிபி" என்று ஒன்றை அறிவித்தபோது பெரிய பட்ஜெட்காரர்கள் கத்தினார்கள். அடுத்த மாதமே அந்தப் பெயரை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பிறகு அதுவே 4070 டிஐ என்று நூறு டாலர் குறைவாக வந்தது. அவர்கள் கத்தினால் பெயர் மாறும், விலை இறங்கும். நாம் கத்தினால் "எடுத்தா எடுங்க தம்பி, பின்னாடி ஆள் நிக்குது."

சரி, இதோடு முடிந்ததா? இல்லை. வேறு வழியில்லாமல் ஆறு ஜிபிக்கு விலை கேட்டேன். "கார்டு தனியாக் குடுக்கறதில்ல. எஸ்எம்பிஎஸ் சேத்து எடுக்கணும்." கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் அந்தப் பெட்டி எதற்கு? "கிராபிக்ஸ் கார்டு போட்டா பவர் பத்தாது தம்பி. 650 வாட் போடுங்க, சேஃப்டி." 70 வாட் கார்டு அது! மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும். கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் படத்திலேயே தெரிகிறது, அந்தக் கார்டில் பவர் ஒயர் சொருக இடமே கிடையாது. அதைக் காட்டினேன். பையன் எட்டிப் பார்த்துவிட்டு முதலாளி முகத்தைப் பார்க்கிறான். முதலாளி கால்குலேட்டரைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி பெரிய கார்டு போடுவீங்கல்ல, அப்ப உதவும்" என்கிறார். 22,000 ரூபாயை மாதாமாதம் பிடித்துப் பிடித்துச் சேர்த்தவன் அடுத்த கார்டு எப்போது போடுவான்?

அப்போ ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு காட்டுங்க என்றேன். அதிலும் எட்டு ஜிபி உண்டு, எட்டு ஜிபி 3050ஐவிடவே நன்றாக வேகம். "ஏஎம்டியா? சூடாகும் தம்பி, டிரைவர் பிரச்சினை, கம்ப்ளெயின்ட் நெறய வருது." உண்மை என்னவென்றால் கடையில் ஸ்டாக் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பேன். இல்லாத பொருளுக்கு எதற்கு இத்தனை அவதூறு?

என்ன பிராசசர் என்று அவரே கேட்டார். ரைசன் 5 2600, பி450 போர்டு. "அய்யோ, பழசு. போர்டோட மொத்தமா மாத்திடுங்க." நல்ல போர்டைக் குப்பையில் போடச் சொல்கிறார்! போர்டிலிருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் அதே போர்டில் புதிய ரைசன் 5 5600 பிராசசர் அழகாக உட்காரும். 2016இல் வந்த, பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி இத்தனை தலைமுறைக்கு இழுத்துக்கொண்டு வந்தது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம். அதையும் மறைத்து விற்கப் பார்க்கிறார்கள்.

ராம் கேட்டதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. எட்டு ஜிபி ஒற்றைக் குச்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று போட்டால் ரெண்டும் சேர்ந்து ஓடும் டூயல் சானல் ஆகும், திணறல் குறையும், அவ்வளவுதான் ஆசை. விலையைக் கேட்டதும் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியையெல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவன் இனி யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது.

கடைசியில் பில். "பில்லு வேணுமா தம்பி? பில்லுன்னா பதினெட்டு பர்சென்ட் சேரும்." அப்படியானால் இவ்வளவு நேரம் சொன்னது எந்த விலை? பில் இல்லாமல் போனால் மூன்று வருட வாரண்டியை யாரிடம் போய்க் கேட்பது? "நாங்க எங்க தம்பி போயிடப் போறோம், இங்கதான இருக்கோம்." கையெழுத்துகூட இல்லாத துண்டுச் சீட்டில் 3050 என்று மட்டும் கிறுக்கி நீட்டுகிறார். அதில்கூட எத்தனை ஜிபி என்று எழுதவில்லை!

வாங்காமல் வந்துவிட்டேன். அவர் முறைத்தது இன்னும் முதுகில் இருக்கிறது. 6600 எங்கே கிடைத்தாலும் பில்லோடுதான் வாங்குவேன், அதுவரை இப்போது இருக்கிற 1050 டிஐ கார்டு இழுக்கும்வரை இழுக்கட்டும்.

இதில் வண்டியை எடுக்கப் போனால் பார்க்கிங்காரர் இருபது ரூபாய் கேட்கிறார். போர்டில் பத்து என்று போட்டிருக்கிறதே என்றால், "அது பழைய போர்டு" என்கிறார். பழையது என்றால் கழற்ற வேண்டியதுதானே? ஹெல்மெட்டுக்குத் தனியாக அஞ்சு ரூபாயாம். ஹெல்மெட் என் தலையில் இருக்கிறது, ஐயா! என் தலைக்கு எதற்கு வாடகை?