கிட்டங்கியில் எது பக்கத்தில் எது?

ஐப்பசி பிறந்தால் மதுரையில் கெமிக்கல் கிட்டங்கிகளுக்கு (குடோன்களுக்கு) மூச்சு முட்டும். மழைக்காலம் என்று பஞ்சாயத்துகளும் ஆஸ்பத்திரிகளும் பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கேட்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற சீசன் என்பதால் தின்னரும் டர்பன்டைனும் டிரம் டிரம்மாக வந்து இறங்கும். சாயப்பட்டறைக்குப் போகிற ஹைட்ரோஸ், காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் வருஷம் பூராவும் உண்டு. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் கேன்களைச் சொல்லவே வேண்டாம். இத்தனையும் பல இடங்களில் ஒரே ஷட்டருக்குள், ஒரே தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும்.

பட்டாசு என்றால் நமக்கு ஒரு பயம் இருக்கிறது. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் வந்த பயம், நியாயமானதுதான். ஆனால் பட்டாசுக் கிட்டங்கியை ஊருக்கு வெளியே தள்ளிவிட்ட நாம், ஹைட்ரோஸ் டிரம்மையும் பிளீச்சிங் மூட்டையையும் மாசி வீதிகளை ஒட்டிய சந்துக்குள், மாடியில் குடும்பம் குடியிருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். பார்த்தால் ஒன்று கோலமாவு மாதிரி இருக்கிறது, இன்னொன்று சுண்ணாம்பு மாதிரி. பயம் எங்கிருந்து வரும்?

சரக்கைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓரளவு ஒழுங்காகத்தான் இருக்கும். வினை வருவது பக்கத்தில் எது இருக்கிறது என்பதில்.

பிளீச்சிங் பவுடர் தானாக எரியாது. ஆனால் சூடானால் ஆக்சிஜனையும் குளோரினையும் வெளியே விடும். அதன் மேல் எண்ணெயோ கிரீஸோ டர்பன்டைனோ சிந்தினால் நெருப்புப் பெட்டி இல்லாமலே புகைய ஆரம்பிக்கும். ஆசிட் பட்டால் உடனே குளோரின் வாயு. குளோரின் காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். தரையோடு தரையாகப் படியும், வாசல்படி தாண்டி தெருச் சாக்கடைக்குள் இறங்கும். அதனால்தான் பிளீச்சிங் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையோரம் வைப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. வெளியேறும் வழி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆட்களும் காற்றுக்குக் குறுக்காக விலகி, மேடான இடத்துக்குப் போக வேண்டும். பயந்து கீழ்த்தளத்துக்கு ஓடுகிறவன் வாயுவோடுதான் ஓடுகிறான்.

ஹைட்ரோஸ் கதை இன்னும் நுட்பம். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் முழுப்பெயர். பெரும்பாலும் 50 கிலோ இரும்பு டிரம்மில், உள்ளே பாலித்தீன் பையோடு வரும். சீல் உடைக்காதவரை சாது. சில்லறைக்கு 5 கிலோ அள்ளிக் கொடுத்துவிட்டு, பையின் வாயைக் கட்டாமல் மூடியை மேலோட்டமாகச் சாத்திவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிடிக்கிறது சனி. ஐப்பசி ராத்திரியின் ஈரக்காற்று போதும். பொடி கட்டி தட்டும், கட்டிக்குள் சூடு பிறக்கும், சூடு மேலும் சூட்டைக் கூட்டும். முதல் அறிகுறி மூக்குக்குத்தான் தெரியும்: தீக்குச்சி உரசி அணைத்தமாதிரி காட்டமான கந்தக நெடி. அடுத்தது கை. டிரம்மின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தால், மற்ற டிரம்களைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணுக்குப் புகை தெரிகிறபோது பாதி வேலை முடிந்திருக்கும். (இதே ஹைட்ரோஸை வெல்லம் வெளுக்கவும் போடுகிறார்கள். அது தனி அயோக்கியத்தனம், தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இப்போது சுவரில் தொங்குகிற சிவப்பு சிலிண்டருக்கு வருவோம். பெரும்பாலான கிட்டங்கிகளில் இருப்பது ஏபிசி பவுடர். அது தீக்குக் காற்று போகாமல் மூடி அணைக்கிற மருந்து. ஹைட்ரோஸ் எரிய வெளிக்காற்று தேவையில்லை. பிளீச்சிங் பவுடர் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த இரண்டிலும் பவுடர் அடித்தால் பவுடர்தான் வீண். இரண்டுக்கும் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் வெள்ளமாக. ஹைட்ரோஸ் மேல் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பது பற்றவைப்பதற்குச் சமம். ஹோஸ் பைப்பில் நிறுத்தாமல் அடித்து முக்கினால் அடங்கும். அதே தண்ணீரைத் தின்னர் தீயில் அடித்தால் தின்னர் தண்ணீர் மேல் மிதந்து, தீயைப் பக்கத்து அட்டிக்கு (அடுக்கிய சரக்குக்கு) கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே பவுடரோ நுரையோதான் சரி. மூன்றும் ஒரே அறையில் இருந்தால் எதை எடுத்து அடிப்பீர்கள்? லைசென்ஸுக்காக நாலு சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் யோசித்துப் பார்க்கட்டும்.

சீனாவில் தியான்ஜின் துறைமுகக் கிட்டங்கி 2015 ஆகஸ்ட் 12 அன்று வெடித்ததும் பக்கத்துச் சரக்கால்தான். முதலில் பற்றியது நைட்ரோசெல்லுலோஸ். அதை ஈரமாக வைத்திருந்த திரவம் வெயிலில் உலர்ந்துபோக, தானாகச் சூடேறித் தீப்பிடித்தது. அந்தத் தீ அங்கே கிடந்த அமோனியம் நைட்ரேட்டுக்குப் போனது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 173 பேர். அதில் பெரும்பகுதி தீயணைக்கப் போனவர்கள்.

சரி, நடைமுறைக்கு. மூன்று அறை வேண்டும். முடியாவிட்டால் கூரையைத் தொடுகிற செங்கல் சுவர் வைத்து மூன்றாகத் தடுத்த ஒரே ஷெட். எரியும் திரவங்கள் ஒன்றில். பிளீச்சிங், பெராக்சைடு மாதிரி ஆக்சிஜன் விடுகிற சரக்கு ஒன்றில், அங்கேயும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு. ஹைட்ரோஸ், கார்பைட் மாதிரி ஈரம் ஆகாதது மூன்றாவதில், கூரை ஒழுகாத பக்கமாக, தரையிலிருந்து அரையடி உயரத்தில். ஆசிட்டை வெளித் தாழ்வாரத்தில் தனித் தொட்டிக்குள் வைப்பது உத்தமம். காஸ்டிக்கை அந்தத் தொட்டிக்குள் சேர்க்கவே கூடாது. தொட்டி என்றால் ஆசிட் தின்னாத பூச்சு பூசிய சின்னக் கரை. உள்ளே இருப்பதில் பெரிய கேன் முழுதும் உடைந்தாலும் வழியாத அளவு, அதாவது அதன் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். 35 லிட்டர் கார்பாய் (ஆசிட் வருகிற பெரிய கேன்) ஒன்றுதான் என்றால் கணக்கு சுலபம். அடுக்கி வைத்தது 40 கேன் என்றால் 110 சதவீதத்தோடு நிற்காதீர்கள், மொத்தத்தில் கால்வாசியாவது பிடிக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பூசுகிற வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிட்டால் ஆசிட் அதை நுரைத்துத் தின்றுவிடும்.

பெராக்சைடு கேனின் மூடியில் சின்னத் துவாரம் இருக்கும். கசிகிறதே என்று அதை டேப் ஒட்டி அடைக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உள்ளே ஆக்சிஜன் பிரிந்துகொண்டே இருக்கும், வழி இல்லாவிட்டால் கேன் பலூனாக உப்பும், ஒருநாள் கிழியும். படுக்கவைக்கவும் கூடாது. துருப்பிடித்த இரும்பு அலமாரியில் வைக்கக் கூடாது, துருத்தூள் உள்ளே விழுந்தால் பொங்கும். மரப் பலகை மேலேயும் வேண்டாம். சிந்தின பெராக்சைடு மரத்தில் ஊறி, தண்ணீர் மட்டும் காய்ந்து, வீரியம் கூடி, அந்தப் பலகையையே பற்றவைக்கும். பிளாஸ்டிக் பேலட்தான் சரி. பிளீச்சிங் மூட்டைக்கும் அதுவே.

தின்னருக்கும் டர்பன்டைனுக்கும் ஊர் வெயில் ஒரு சமாச்சாரம். எந்தச் சூட்டில் ஒரு திரவம் பற்றுகிற அளவு ஆவி விடுமோ அதை ஃபிளாஷ் பாயின்ட் என்கிறோம். பெட்ரோலிய விதிகளில் 23 டிகிரிக்குக் கீழே என்றால் ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி வகுப்பு. தின்னரில் கலக்கிற டொலுவீனுக்குச் சுமார் 4 டிகிரி. மார்கழி விடியற்காலையிலும் மதுரையில் அது தயார் நிலையில்தான் இருக்கிறது. டர்பன்டைனுக்குச் சுமார் 35. கொடைக்கானலில் அது சாது, சித்திரையில் மதுரைத் தகரக் கூரைக்குக் கீழே அதுவும் தின்னரின் தம்பி. ஆவியும் காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். அதனால் 200 லிட்டர் டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றும்போது டிரம்முக்கு எர்த் ஒயர், டிரம்மையும் இரும்புக் கேனையும் சேர்க்க இன்னொரு ஒயர். பிளாஸ்டிக் புனலும் பிளாஸ்டிக் குடமும் வேண்டாம், ஓட்டத்தில் பிறக்கிற நிலைமின்சாரம் இறங்க வழி இருக்காது. லைட் சுவிட்ச் அறைக்கு வெளியே. ராத்திரி லோடு ஆட்டோவின் பேட்டரியைக் கிட்டங்கிக்குள்ளேயே சார்ஜ் போடுகிற புதுப்பழக்கம் ஒன்று வந்திருக்கிறது, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை கற்பூரமும் சாம்பிராணியும் வெளிக்கேட்டில் காட்டினால் போதும். சாமி உள்ளே வந்து பார்க்கவேண்டிய சரக்கு இல்லை அது.

இதெல்லாம் முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஓரளவு தெரிந்ததுதான். அப்புறம் ஏன் ஹைட்ரோஸ் டிரம் பெராக்சைடு பக்கத்தில் போய் நிற்கிறது? இறக்குகூலியால். கூலி மூட்டைக்கு இவ்வளவு, டிரம்முக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. கதவிலிருந்து பத்தடியில் போட்டாலும் அதே காசு, கடைசி அறைக்குச் சுமந்து போனாலும் அதே காசு. ராத்திரி பதினொரு மணிக்கு வந்த லாரியில் லோடுமேன் கதவோரமாகத்தான் அட்டி போடுவார், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். காலையில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். காலையில் அடுத்த லோடு வந்துவிடும். என் கருத்தில் இந்த ஊர்க் கிட்டங்கிகளுக்குத் தீயணைப்புச் சாமானைவிட அவசரமாக வேண்டியது கூலியில் ஒரு மாற்றம்: அறை மாறிப் போகிற சரக்குக்குத் தூரக்கூலி. வருஷத்துக்கு ஆகிற செலவு ஒரு பெயின்ட் டிரம் விலைகூடத் தேறாது.

கூடவே தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் எழுத்தில் மட்டும் வேண்டாம், டிரம்மில் ஒட்டியிருக்கிற அதே சாய்சதுரப் படத்தைப் பெரிதாக வரையுங்கள். தீ, வட்டத்தின் மேல் தீ, கையை அரிக்கிற ஆசிட், மண்டை ஓடு. படத்தோடு படம் சேர வேண்டும், படிக்கத் தெரியாதவரும் வைத்துவிடலாம். படமே இல்லாமல், எல்.ஆர்.இல் (லாரி ரசீதில்) வெறுமனே ‘கெமிக்கல்’ என்று எழுதி வருகிற சரக்கை இறக்கவே இறக்காதீர்கள். லாரி வாசலில் நிற்கட்டும், அனுப்பினவரிடம் அது என்ன சரக்கு, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாளை வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டு இறக்கலாம். உப்பின டிரம், கசிகிற கேன், கட்டி தட்டின மூட்டை மூன்றையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, இருப்புப் பட்டியல். கணினியில் இருக்கும், அது பூட்டின ஆபீஸ் அறைக்குள் இருக்கும். தீயணைப்பு வண்டி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். கேட்டுக்கு வெளியே ஒரு தகரப்பெட்டி, அதில் அறைவாரியாகச் சரக்கும் அளவும் எழுதிய ஒரு தாள், ஒவ்வொரு சாயங்காலமும் மாற்ற வேண்டும். 2020 தீபாவளி அதிகாலையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். துணிக்கடைத் தீயே அப்படி என்றால், உள்ளே குளோரின் விடுகிற சரக்கு இருப்பது தெரியாமல் ஒருவரை அனுப்புவது என்ன நியாயம்?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து நெல் கிட்டங்கிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டுக்கு வைக்கிற செல்பாஸ் மாத்திரை ஒன்று 3 கிராம், அதிலிருந்து 1 கிராம் பாஸ்ஃபின் வாயு வரும். மனுஷனுக்கும் அதே விஷம்தான். ஒழுகுகிற கூரைக்குக் கீழே மாத்திரைகளைக் குவியலாக வைத்தால் வாயு ஒரேயடியாகக் கிளம்பித் தானே பற்றும். ஆள் குடியிருக்கிற வீட்டை ஒட்டின கிட்டங்கியில் வைக்கவே கூடாது.

வெளியே போகிற சரக்குக்கு வருவோம். ஒரு ஹோட்டலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஆர்டர் போகிறது: பிளீச்சிங் 2 மூட்டை, ஆசிட் 4 கேன், பினாயில் 20 லிட்டர். ஒரே குட்டியானையில் ஏற்றி, மேலே ஒரு தார்ப்பாய் கட்டி அனுப்பிவிடுகிறோம். ஸ்பீட் பிரேக்கரில் ஒரு ஆசிட் கேனின் மூடி கழன்றுவிட்டால் டிரைவர் கேபினுக்குப் பின்னால் குளோரின் தொழிற்சாலை ஓடும். ஆசிட்டுக்குத் தனி நடை. இல்லை, ஒரே நடைதான் என்றால் அன்றைக்கு ஆசிட் போக வேண்டாம். பினாயில்கூட எண்ணெய்ச் சரக்குதான் என்பதை மறக்க வேண்டாம். டேங்கர், பெரிய லோடு என்றால் மோட்டார் வாகன விதிப்படி டிரைவருக்கு அபாயச் சரக்குக்கான 3 நாள் பயிற்சி, வண்டியில் ட்ரெம் கார்டு (விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை), அபாயச் சின்னப் பலகை எல்லாம் வேண்டும். கார்டு பல சமயம் இங்கிலீஷில் இருக்கும், டிரைவருக்கு விளங்காது. தமிழில் ஒரு பக்கம் எழுதி, கேபினில் கையெட்டும் இடத்தில் செருகுங்கள்.

கடைசியாகக் காலி டிரம். தின்னர் தீர்ந்த டிரம்மில் ஆவி மட்டும் மிச்சம் இருக்கும், நிறைந்த டிரம்மைவிட அதுதான் சுலபமாக வெடிக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் கேஸ் கட்டரை வைத்த நிமிஷம் மூடி கூரைக்குப் போகும். அனுப்பின கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கும்போதே பேசி முடியுங்கள். ஆசிட் கார்பாய்களும் பெராக்சைடு கேன்களும் 50 ரூபாய் 100 ரூபாய்க்கு வீட்டுத் தண்ணீர் பிடிக்க விற்றுப் போகின்றன, கோடையில் அதற்கு வரிசையே நிற்கும். விற்காதீர்கள். அலசிவிட்டு, கேனின் அடிப்பக்கம் அறுத்துவிட்டுப் போடுங்கள், ஒரு லிட்டர்கூட நிற்காதபடி.