கோதுமைக்கு ஒன்று, கவுனிக்கு?

கோதுமை விளைச்சல் பெருகியதைக் கொண்டாட 1968-இல் இந்திய அஞ்சல் துறை 'கோதுமைப் புரட்சி' என்று 20 பைசா தபால்தலை ஒன்றை வெளியிட்டது. எங்கள் ஐயாவின் ஆல்பத்தில் அது இருக்கிறது. காரைக்குடியில் வளவு என்னும் உள்முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து, வந்த கவர்களைக் கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையை உரித்தெடுப்பார். கோதுமைக் கதிர், பின்னால் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகக் கட்டடம், மூலையில் பாதி முத்திரை மை.

அந்தப் புரட்சிக்கு வழிபோட்ட வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான், சரி. ஆனால் அப்பத்தாவுக்கு அந்தத் தபால்தலை பிடிக்கவே இல்லை. "கோதுமை என்னத்துக்கு, கவுனியைப் போடக்கூடாதா?" என்பார். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவாரே, அந்தக் கருஞ்சிவப்பு அரிசிதான் கவுனி. இன்றும் எங்கள் பக்கம் கவுனி இல்லாத கல்யாணப் பந்தி அபூர்வம். தபால்தலையில் அந்த நிறத்தை அச்சடிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.