கலரை நிறுத்தினீர்கள், கணக்கையாவது கொடுங்கள்

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு கலரை நிறுத்திவிட்டோம் என்கிறார்களே, எதை நிறுத்துகிறார்கள்? கடையில் கலந்து தரும் பெயிண்ட் என்பது பேஸ் என்கிற ஒரு அடிப்படைப் பெயிண்ட், அதில் மெஷின் விடும் கொஞ்சம் சாயம், அவ்வளவுதான். பேஸ் அலமாரியில் இருக்கிறது, சாயம் மெஷினில் இருக்கிறது. போனது ஷேட் கார்டில் இருந்த பெயர். அதோடு கலவைக் கணக்கையும் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாமி விளக்குப் பக்கத்துச் சுவரில் குழாய் கசிந்து ஒரு முழத்துக்கு மஞ்சள் உரிந்துவிட்டது. தீபாவளிக்குள் அடித்துவிடலாம் என்று பழைய டின்னோடு போனால், "அந்தக் கலர் இப்போ வர்றதில்லை ஆன்ட்டி" என்று கடைத் தம்பி கையை விரிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டின்னின் முகப்பில் கழுவலாம், வாடை இல்லை என்றெல்லாம் கொட்டை எழுத்து. நமக்கு வேண்டிய விஷயம், அதாவது எந்த பேஸ், எந்தச் சாயம், எத்தனை மில்லி என்பது மூடியில் ஒட்டிய சின்னச் சீட்டில். பில் தாள் மாதிரி அதுவும் நாளாக நாளாக மங்கிப்போகும். மிச்சம் இருந்தாலும் ஒரு கம்பெனி சாயத்துக்குப் போடும் குறியெழுத்து இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. மேட்டா பளபளப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதே கலவை சுவரில் வேறு கலராகத் தெரியும்.

சரி, ஒரு சில்லு பெயர்த்துக் கொண்டு வாருங்கள், ஸ்கேன் பண்ணலாம் என்கிறார்கள். அந்த மெஷின் படிப்பது சுவரின் இன்றைய நிறத்தை. இங்கே வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விழும். சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் வெளுத்துக் கிடக்கிறது. ஒட்டுப் போடும் இடத்தை ஒட்டியே சில்லு எடுக்க வேண்டும் என்று யாராவது சொல்கிறார்களா? கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு மஞ்சள், சாயம் வேறு என்பதால் பகல் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். தண்ணீர் பெயிண்ட் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கறுக்கும். அதனால் அட்டையில் பூசி, காயவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகலிலும் ராத்திரி விளக்கிலும் சுவரோடு வைத்துப் பார்க்க வேண்டும். இது எதுவும் டின்னில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கோபம் இதுதான்: சில்லு பெயர்த்துக் கொண்டு வா என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! எங்கள் வீடெல்லாம் 1960களில் கட்டியது. இந்த நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டம் வரம்பு போட்டதே 2009இல்தான். அடியில் இருக்கும் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த சுவரைத் தேய்த்துத் தூள் பறக்கவிட்டால் பேரப்பிள்ளைகள் மூச்சில்தானே போகும்? நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

கலவைக் கணக்கை டின்னின் பக்கவாட்டில் அழியாத மையில் அடியுங்கள். பெயரை எடுத்தாலும் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருங்கள். பேஸையே மாற்றிவிட்டோம், பழைய கணக்கு ஒத்துவராது என்றால், புதுக் கணக்குப் போட்டுத் தருவது உங்கள் வேலை. அதை விட்டுவிட்டு முழுச் சுவரையும் அடித்துவிடுங்கள் என்கிறீர்களே, ஒரு முழ இடத்துக்கு 5 லிட்டர் டின்னா? யார் வீட்டுக் காசு அது?